‘படித்ததில்லை’ என்ற விடைக்குப் பின்: 1880ஆம் ஆண்டுக் கும்பகோணச் சந்திப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக) மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண, அவ்வூர் அரசினர் கல்லூரியின் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் அவர் வீட்டுக்குச் சென்றார். முதலியாருக்கு வயது 28, ஐயருக்கு 25. புதிதாக வந்த அதிகாரி தமிழில் பற்றுள்ளவர் என்று கேள்விப்பட்ட திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், ஒருமுறை போய்ப் பார்த்துவரும்படி சொல்லியிருந்தார். மரியாதைக்காகச் சென்ற அந்தச் சந்திப்பில் முதலியார் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு ஐயர் அளித்த விடைகளும் தமிழிலக்கிய வரலாற்றில் பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டவை. எனினும், கற்று முடித்து வேலையிலும் அமர்ந்துவிட்ட ஒரு மனிதர் மீண்டும் கேட்கத் தொடங்குவது எப்படி நிகழ்கிறது, அதற்கு எவையெல்லாம் துணைநிற்கின்றன என்ற நோக்கில் அந்நிகழ்வை முழுமையாக ஆராய்ந்தவர் குறைவு. இக்கட்டுரை அந்த ஒரு நோக்கிலேயே அதை அணுகுகிறது.

உரையாடல் இப்படிப் போயிற்று. யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் என்றார் ஐயர். என்னென்ன நூல்கள் என்றதும் ஐயர் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், தலபுராணங்கள். முதலியாரின் முகத்தில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. நைடதம், பிரபுலிங்க லீலை என்று மேலும் அடுக்கிப் பார்த்தார். கம்பராமாயணத்தையும் முழுவதும் படித்திருப்பதாகச் சொன்னார். அப்போதும் முதலியார் அசையவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள், பழைய நூல் ஏதேனும் படித்ததுண்டா என்று அவர் கேட்டபோது, எதைக் கருதிக் கேட்கிறார் என்பதே ஐயருக்குப் புரியவில்லை. சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று மூன்று பெயர்களை முதலியார் சொன்னார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. ஏட்டைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. அப்படியானால் இவ்வளவு படித்து என்ன பிரயோசனம் என்றார் முதலியார்.

அந்த மூன்றும் விடுபட்டுப் போனது ஐயரின் சோம்பலால் நேர்ந்தது என்று சொல்ல இடமில்லை. அவர் 16 வயதளவில் மகாவித்துவானிடம் சேர்ந்து, 1876 பிப்ரவரியில் ஆசிரியர் மறையும்வரை உடனிருந்து கற்றவர். அதன்பின் திருவாவடுதுறை மடத்திலேயே தங்கி, கற்றும் கற்பித்தும் வந்தவர். அக்காலத்துப் புலமையின் அளவுகோலின்படி அவருடைய படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அந்த அளவுகோலில்தான் இருந்தது. ஒரு மாணவர் எதைப் படிக்க வேண்டும் என்பதை ஆசிரியர்களும் மடங்களும் புரவலர்களும் சேர்ந்து தலைமுறைதோறும் தீர்மானித்து வந்தார்கள். கோயிலுக்கொரு புராணம், வள்ளலுக்கொரு உலா என்று புதிய நூல்கள் பெருகப் பெருக, பழையவை ஏட்டுக்கட்டின் அடிக்குப் போயின. அதிலும் சமணக் காப்பியமும் பௌத்தக் காப்பியமும் சைவ மடத்துப் பாடத்தில் இடம்பெற எந்தக் காரணமும் இருக்கவில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். அதே மடங்களில் இலக்கணம் என்றால் நன்னூல்தான். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். திருநீறு பூசிய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு சமண முனிவரிடம் எழுத்தும் சொல்லும் கற்றுக்கொண்டு, இன்னொரு சமண முனிவர் எழுதிய சிந்தாமணிக் காப்பியத்தின் முகத்தில் விழிக்காமலே புலவர்களாகியிருக்கிறார்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. கேள்வி எழாத இடத்தில் இத்தகைய முரண்பாடுகள் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் உறுத்தாமல் இருந்துவிடும்.

அந்த நன்னூலின் பாயிரமே மாணாக்கனின் கடமைகளைச் சொல்லும்போது, பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல் ஆகியவற்றோடு ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ என்பனவற்றையும் சேர்க்கிறது. உடன்பயில்வோரிடம் வினாவுவதும் அவர்கள் வினாவியதற்கு விடை சொல்வதும் படிப்பின் பகுதி. ஆனால் நடைமுறையில் ‘பாடம் கேட்டல்’ என்ற தொடரில் ‘கேட்டல்’ என்பது செவிமடுத்தலையே குறித்தது. தமிழில் கேள் என்ற ஒரே வினை செவிகொடுப்பதையும் வினாவுவதையும் குறிக்கிறது; மாணவப் பருவத்தில் முதற்பொருள் ஓங்கி நிற்கிறது, ஆசிரியராகிவிட்டாலோ இரண்டும் நின்றுபோகின்றன. கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்த ஒருவரை யார் வினாவப் போகிறார்கள்? மாணவர்கள் வினாவினால் விடை அவரிடம் ஆயத்தமாக இருக்கும். அவருக்குச் சமமான புலவர்கள் அவர் படித்ததையே படித்தவர்கள். அவரறியாத ஒன்றைப் பற்றி அவரிடம் கேட்கக்கூடியவர், அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. முதலியார் சட்டம் படித்தவர். ஆங்கிலக் கல்வியின் வழியாகப் பழமையின் மதிப்பை அறிந்தவர். புலவர் கூட்டத்தின் அளவுகோலுக்குக் கட்டுப்படாதவர். அவருடைய கேள்வியில் சற்றுக் கடுமை இருந்தது. உட்கார்ந்த இருக்கையின் வேறுபாடும் அதில் கலந்திருக்கலாம்.

இனி, ஐயர் அளித்த விடை. வழக்கமாக இந்நிகழ்வைச் சொல்பவர்கள், கல்விச் செருக்கோடு சென்றவர் ஒரே கேள்வியில் அடங்கிப் பணிந்து திரும்பினார் என்பதுபோலச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஐயர் தாமே எழுதிய வாழ்க்கை வரலாற்றை நிதானமாகப் படித்தால் தெரிவது வேறு. இத்தனை நூல்களைச் சொன்ன பிறகும் எவற்றையும் பொருட்படுத்தாமல் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று அவருக்கு ரோஷம் வந்திருக்கிறது. தம் பெருமிதம் தலைதூக்கியதை அவர் மறைக்கவில்லை. அந்த வேகத்தில்தான், நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் அவற்றையும் படிக்கும் தைரியம் உண்டு என்று பதில் சொன்னார். முதலியார் உடனே பிடித்துக்கொண்டார்: புத்தகம் நான் தருகிறேன், படித்துப் பாடம் சொல்வீர்களா?

வயதுவந்தவரின் கேள்வியார்வத்தைப் பணிவின் வேறொரு பெயராகவே சொல்லிப் பழகிவிட்டோம். இந்நிகழ்வில் அதன் முதல் எரிபொருள் தன்மானம். ‘தெரியாது’ என்று ஒப்புக்கொண்டதும், ‘தெரிந்துகொள்ள என்னால் முடியும்’ என்று நிமிர்ந்ததும் ஒரே மூச்சில் வந்தன. முதலாவது மட்டும் வந்திருந்தால் ஐயர் வாட்டத்தோடு வீடு திரும்பி, மறுநாள் வழக்கம்போல் வகுப்புக்குப் போயிருப்பார். இரண்டாவது மட்டும் வந்திருந்தால், அந்நூல்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவை அவ்வளவு முக்கியமானவை அல்ல என்பதுபோல ஏதேனும் சொல்லிச் சமாளித்திருப்பார். சமாளிப்பது கடினமான காரியம் அன்று. அலுவலகக் கூட்டத்தில் புரியாத சொல்லொன்று காதில் விழும்போது தலையாட்டாமல் இருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெயர்பெற்ற ஆசிரியரின் பெயர்பெற்ற மாணவர், ஓர் அதிகாரியின் முன்னால், ‘பார்த்ததுகூட இல்லை’ என்று சொன்ன அந்த ஒரு நிமிடத்துக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. தம்மால் படிக்க முடியும் என்று சொல்லிவிட்டதால், சொன்ன வாக்கு அவரைப் பிணித்தது.

முதலியாரின் பங்கிலும் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. கேட்டுவிட்டு விலகிக்கொள்ளும் கேள்வியாக அது இருக்கவில்லை. ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய சிந்தாமணிக் காகிதப் பிரதியை அவர் கொடுத்தார்; முதற்பகுதியாகிய நாமகளிலம்பகத்தை மட்டும் பவர் என்ற பாதிரியார் 1868இல் அச்சிட்டிருந்த புத்தகத்தையும் கொடுத்தார்; தாமே மாணவராக உட்கார்ந்து பாடமும் கேட்டார். கேள்வி கேட்டவரும் விடை தேடுபவரும் ஒரே பாயில் அமர்ந்து படித்தார்கள்.

படிக்கத் தொடங்கியதும் ஐயருக்குக் கிடைத்தது திகைப்பு. 3,000க்கும் மேற்பட்ட செய்யுள்கள், 13 இலம்பகங்கள், தந்தை சச்சந்தன் அமைச்சன் கட்டியங்காரனால் கொல்லப்பட, தாய் விசயை மயிற்பொறியில் தப்பிச் சென்று சுடுகாட்டில் பெற்றெடுத்த சீவகனின் கதை. கம்பரைக் கரைகண்டவருக்குச் செய்யுள் நடை அச்சுறுத்தவில்லை. ஆனால் கடவுள் வாழ்த்திலேயே தொடங்கிச் சமணக் கோட்பாடுகளும் மரபுகளும் குறியீட்டுச் சொற்களும் வழியை அடைத்தன. நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தது. அவ்வுரையோ, படிப்பவருக்கு முன்பே பலவும் தெரியும் என்று எண்ணி எழுதப்பட்டது. நச்சினார்க்கினியரைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தியொன்று இங்கே பொருத்தமானது. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், அதன்பின் அவர் சமண நூல்களைக் கற்றுத் திரும்ப எழுதினார் என்றும் சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, சிந்தாமணியைத் தமிழறிவு மட்டும் கொண்டு திறக்க முடியாது என்ற பட்டறிவு அதில் பதிந்திருக்கிறது.

ஐயரும் அந்த வாசலுக்கே வந்து சேர்ந்தார். கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்கிறார்கள் என்று அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டுக்குச் சென்றார். அவ்வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்ததற்கு, இன்று சிந்தாமணி பூர்த்தி என்ற விடை கிடைத்தது. மாதக்கணக்கில் நாள்தோறும் வாசித்துவந்த காப்பியம் அன்று நிறைவெய்துவதை அக்குடும்பம் கொண்டாடிக்கொண்டிருந்தது.

இந்தக் காட்சியைக் கடந்து சட்டென்று போக முடிவதில்லை. கல்லூரித் தமிழாசிரியர் கண்ணாலும் காணாத நூல், அவருடைய ஆசிரியருக்கும் ஆசிரியர் வழியில் வந்தவர்களுக்கும் எட்டாதுபோன நூல், அதே ஊரில் சில தெருக்களுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கூடத்தில் ஓதப்பட்டு, முடிந்த நாளில் தோரணமும் கட்டப்பட்டது. நூல் மறைந்துவிட்டது என்று சொல்வது ஒரு வட்டத்தாரின் கூற்று. இன்னொரு வட்டத்தாருக்கு அது ஒருநாளும் மறைந்ததில்லை. இரண்டு வட்டங்களுக்கும் நடுவே இருந்த தூரம் கால்நடையாகக் கடக்கக்கூடியதுதான், ஆனால் அதைக் கடப்பதற்கு ஒருவருக்கு ஒரு கேள்வி தேவைப்பட்டது.

அதன்பின் ஐயர் அவர்களிடம் ஐயம் கேட்கச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். சைவ மடத்தில் வளர்ந்த பிராமணர், தம் வயதுக்கும் பதவிக்கும் புலமைக்கும் தரப்படும் மதிப்பையெல்லாம் வாசலில் வைத்துவிட்டு, சமண இல்லறத்தாரிடம் அவர்களுடைய வீட்டுச் சொற்களுக்குப் பொருள் கேட்டார். அவர்களுக்கு நாள்தோறும் பழகிய செய்தி, அவருக்குப் புத்தம் புதிது. அவர்களும் இவருடைய ஊக்கத்தைக் கண்டு, இவர் ‘பவ்ய ஜீவன்’, அதாவது வீடுபேற்றுக்குரிய பக்குவம் உள்ளவர் என்று பாராட்டினார்கள். வெளியிலோ, சைவர் ஒருவர் சமண நூலில் இவ்வளவு மூழ்கலாமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் சைவராகவே வாழ்ந்தார், சிந்தாமணியையும் விடவில்லை.

புத்தகத்திலும் சமயத்தாரிடமும் கிடைக்காத விடைகளும் இருந்தன. இந்த ஆய்வின் நோக்கில் இப்பகுதியே மிகவும் வளமானது. காப்பியத்தில் ஓரிடத்தில் சீவகன் தன் தாய் விசயையைச் சந்திக்கிறான். தன்னால் தாயும் நண்பர்களும் பட்ட துயரத்தை நினைத்து அவன் தன்னைத்தானே நொந்துகொள்ளும்போது, ‘இடைமகன் கொன்ற இன்னா மரத்தினேன்’ என்கிறான். இடையன் கொன்ற மரம்போன்றவன் நான் என்பது சொற்பொருள். ஏன் இடையன்? தச்சன் வெட்டினால் மரம் சாகாதா, விறகுவெட்டி வெட்டினால் சாகாதா? கொன்ற மரம் என்றால் செத்த மரமா? செத்த மரத்துக்குத் தன்னை உவமை கூறுபவன் எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறான்? அகராதியைப் புரட்டினால் தீரும் ஐயமல்ல இது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும், தொடருக்குத்தான் தெரியாது. இவ்வாறான இடங்களில் பெரும்பாலான ஆசிரியர்கள் உரையாசிரியர் சொன்னதைத் திரும்பச் சொல்லிவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவார்கள், மாணவர்களும் குறித்துக்கொள்வார்கள்.

ஐயர் அந்த உறுத்தலைத் தம்மோடு வைத்துக்கொண்டார். பின்னொரு நாள் ஒரு பயணத்தில், ஆட்டுக்குத் தழை ஒடித்த மரத்தைக் காணவும் அதைப் பற்றிப் பேச்செழவும் நேர்ந்தபோது, ‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்ற பழமொழி அவர் காதில் விழுந்தது. இடையர் ஆட்டுக்குத் தழை வேண்டி மரக்கிளையை வெட்டும்போது முழுவதும் அற்று விழும்படி வெட்டுவதில்லை. பாதி வெட்டி வளைத்துவிடுவார்கள். கிளை தொங்கும், ஆடுகள் எட்டித் தின்னும். பட்டையோடும் நாரோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி வழியாகக் கிளைக்கு உயிர் ஓடிக்கொண்டே இருக்கும், மறுபடியும் துளிர்க்கும். அற்றுப்போகாத வெட்டு, ஆகவே அறாவெட்டு. அம்மரம் முழுமையாக வாழவும் இல்லை, சாகவும் இல்லை. வெட்டுண்ட புண்ணோடு நின்றுகொண்டே பிறருக்குத் தழை தருகிறது. சீவகன் சொன்னது அதுதான். பிறந்த நாளிலிருந்து பாதி அறுபட்டு, இறந்தும் போகாமல், உற்றார்க்கு உதவும்படி நன்றாக வாழவும் முடியாமல் நின்ற தன் நிலையை ஒரு மேய்ச்சல் நிலத்து மரத்தைக் காட்டி அவன் சொல்லியிருக்கிறான்.

சிந்தாமணியை இயற்றிய திருத்தக்கதேவர் கண்ட மரம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆடு மேய்ப்பவர்களுக்கு அந்த உவமை தெரியாது, வெட்டு தெரியும். புலவர்களுக்கு வெட்டு தெரியாது, உவமை மனப்பாடம். இரண்டையும் இணைத்தவர், காதைத் திறந்து வைத்திருந்த ஒருவர். ‘கேள்’ என்ற வினையின் இரு பொருள்களும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. கேள்வி மனத்தில் இருந்ததால்தான் பழமொழி காதில் விழுந்தது. அதே பழமொழியை அவர் அதற்கு முன்பு நூறு முறை கேட்டிருந்தாலும் அது அவருக்கு வெறும் பழமொழியாகவே போயிருக்கும்.

நச்சினார்க்கினியர் உரை எழுப்பிய இன்னொரு சிக்கல் வேறு வகையானது. அவர் பற்பல பழஞ்செய்யுள்களை மேற்கோள் காட்டுகிறார். பெரும்பாலும் எந்த நூல் என்று சொல்வதில்லை. ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுவார். அந்தப் ‘பிறர்’ யார்? ஐயர் இதை விடாமல் துரத்தினார். திருவாவடுதுறை மடத்தின் பழைய ஏட்டுக்கட்டுகளை அவிழ்த்துத் தேடியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகை நூல்களும் அவர் கையில் சிக்கின. பெயரில்லாமல் நின்ற மேற்கோள்கள் ஒவ்வொன்றாகத் தம் ஊரைச் சொல்லத் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் அவர் உண்டு உறங்கிப் பாடம் சொன்ன இடம் அந்த மடம். சங்க நூல்கள் அவர் தலைமாட்டிலேயே இருந்திருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. அப்போது அவருக்கு அவற்றைத் தேடக் காரணமில்லை, அதனால் அவை ஏட்டுக்கட்டுகளாகவே கிடந்தன.

சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்து வெளியிட்ட பதிப்பு அது. இந்த இடத்தில் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழந்தமிழைத் தேடியவர் ஐயர் ஒருவர் மட்டுமே என்ற கருத்து சரியன்று. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். சிந்தாமணியையும் பதிப்பிக்க அவர் எண்ணியிருந்தார். கேள்வி காற்றில் இருந்தது. ஐயரின் தனித்தன்மை, கேட்ட கேள்வியோடு நிற்காமல் அதிலிருந்து பிறந்த சிறு கேள்விகள் ஒவ்வொன்றையும் உரியவரிடம் கொண்டுசேர்த்தது.

அதற்குச் சான்று மணிமேகலை. ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலகாலம் படித்தும், அது எச்சமயத்து நூல் என்பதே முதலில் தெளிவாகவில்லை. சமணம் பற்றி அரும்பாடுபட்டுக் கற்றது இங்கே உதவவில்லை. சொற்கள் வேறாக இருந்தன. தமிழ்நாட்டில் பௌத்தர் வழக்கு அற்றுப்போயிருந்ததால், சிந்தாமணிக்குச் செய்ததுபோல ஒரு வீட்டுக் கதவைத் தட்டவும் வழியில்லை. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர், நீங்கள் எதையோ குறித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்களே, என்ன அது என்று விசாரித்தபோது, ஐயர் ஏட்டைக் காட்டினார். இது பௌத்த நூல் என்று ரங்காசாரியர் கண்டுகொண்டார். அத்தோடு விடவும் இல்லை. பௌத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நூல்களைத் தேடிப் படித்து ஐயருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லிவந்தார். ஐயருக்கு ஆங்கிலம் தெரியாது. ஓர் இந்தியச் சமயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, தமக்குத் தெரியாத ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்டவற்றை, வேறு துறை சார்ந்த ஒரு நண்பரின் வாய்வழியாகக் கேட்க வேண்டியிருந்தது. இப்படிச் சுற்றிவளைத்துக் கற்பதை இழிவாக அவர் நினைத்திருந்தால் காரியம் நடந்திருக்காது. திருமயிலை சண்முகம் பிள்ளை மணிமேகலையின் மூலத்தை 1894இல் வெளியிட்டார். ஐயரின் பதிப்பு 1898இல் வந்தது. தாம் இவ்வாறு கற்றவற்றைக் கொண்டு புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் சங்கமும் பற்றித் தமிழில் அவர் எழுதியவையும் அதோடு வந்தன.

இவ்விடத்தில் ஆய்வின் ஆதாரம் குறித்து ஒரு சொல். அக்டோபர் 21ஆம் நாள் உரையாடலுக்கு நமக்கிருக்கும் சான்று ஐயரின் நினைவுதான். அதை அவர் எழுதியது 1940 முதல், ஆனந்த விகடனில் தொடராக, 85 வயதைத் தொட்ட நிலையில். 60 ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூரப்படும் உரையாடல் சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்திருக்கும் என்று கொள்வது சரியாகாது. ஒரு வாழ்க்கைக்குத் திருப்புமுனை என்று பின்னால் தெரியவந்த நாளை மனம் சற்றுக் கூர்மையாக்கிக்கொள்வது இயல்பு. எனினும், தமக்குப் பெருமை தராத இரண்டு செய்திகளை, அதாவது தம் அறியாமையையும் தமக்கு வந்த ரோஷத்தையும் அவர் விட்டுவிடாமல் எழுதியிருப்பது அந்தச் சான்றின் மதிப்பைக் கூட்டுகிறது. சமண வீட்டு விழாவும் அப்படித்தான். தாம் தேடிக் கண்டுபிடித்ததாக அவர் எளிதில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு நூலை, தமக்கு முன்பே ஒரு குடும்பம் ஓதி முடித்திருந்தது என்று அவரே பதிவு செய்கிறார்.

இந்தக் கேள்விகளுக்கு அவர் கொடுத்த விலையையும் மறைக்க வேண்டியதில்லை. கல்லூரி வேலை நேரம் போக மீதியெல்லாம் ஏட்டில் கழிந்தது. அச்சுச் செலவுக்குக் கையொப்பக்காரர்களை, அதாவது முன்பணம் தந்து ஆதரிப்பவர்களை, நாட வேண்டியிருந்தது. பிழை கண்டவர்கள் பிழையைச் சொன்னார்கள், காணாதவர்களும் சொன்னார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்ப் பெயர்களுள் சில ஏடுகளில் உதிர்ந்துபோயிருந்தன; அவற்றுக்காகக் கவலையோடு அலைந்து, கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏடொன்றில் அவற்றைக் கண்டெடுத்தார். சில மலர்களின் பெயருக்காக ஒருவர் இவ்வளவு பாடுபடுவதை வீண்வேலை என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தபோது அந்த மலர்கள் தம் இடத்தில் இருந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. முதற்பதிப்பு வெளிவந்து 20 ஆண்டுகள் ஆன பின்னும் அவர் அந்நூலைத் திருத்திக்கொண்டிருந்தார். குறுந்தொகையை அவர் வெளியிட்டது 1937இல், 82ஆம் வயதில்.

முதலியார் சில ஆண்டுகளில் கும்பகோணத்தை விட்டுச் சென்னைக்குச் சென்று வழக்கறிஞராக இருந்தார். 1885இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிகள் மூவருள் அவரும் ஒருவர். சிந்தாமணியை அச்சிட வேண்டும் என்று தூண்டிக்கொண்டே இருந்தவரும் அவர்தான். அன்று அவர் பெயர் சொல்லிக் கேட்ட மூன்று நூல்களுள் அது ஒன்றைத்தான் அவர் அச்சில் முழுமையாகக் கண்டார். 1892 மார்ச்சில் அவர் காலமானபோது சிலப்பதிகாரம் அச்சாகிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் பின்னர் வெளிவந்தது. மணிமேகலை வர இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன.